செத்தவனின் கார் ஸ்டார்ட் ஆனது

காலை எட்டு பத்துக்குப் போன் அடித்தது.

நாலாவது மணியில் ஐடா நோர்பெர்க் எடுத்தாள். ஹாஸ்கின்ஸ் சிட்டி போலீஸில் இன்ஸ்பெக்டர். ஆங்கரேஜ் கோர்ட்டில் இரண்டு நாள் சாட்சி சொல்லிவிட்டு, முந்தின ராத்திரிதான் ப்ளேனில் இறங்கி, டாக்ஸியில் வீடு வந்து சேர்ந்திருந்தாள்.

"ஐடா... ஆத்துப் பனி மேல ஒரு பொணம்." சீஃப் டில்மனின் குரல். "ரிவர்வியூ ஹோட்டலுக்குப் பின்னால. ஃப்ளாரிடாவுலேர்ந்து ஊர் பார்க்க வந்த ஆளு. குடிச்சிட்டு நடந்து போய் வெறைச்சிருக்கான். ஒரு கையெழுத்து. பத்து நிமிஷ வேலை."

"பத்து நிமிஷ வேலைக்கு நான் எதுக்கு சீஃப்?"

"செத்தவனோட பொண்ணு கூடவே வந்திருக்கு. நான் என்ன சொன்னாலும் ஒத்துக்க மாட்டேங்குது. நீ வந்து பேசு."

வெளியே விடியவில்லை. ஜனவரியில் பத்தரைக்கு முன்னால் விடிந்ததும் இல்லை. மைனஸ் நாற்பத்தொன்று.

ஐடா காரில் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

என்ஜின் ஒரு தரம் முனகியது. அப்புறம் அதுவும் இல்லை.

இறங்கி டார்ச் அடித்தாள். பம்பருக்கு மேலே என்ஜின் ஹீட்டரின் ப்ளக் நாக்கைத் தொங்கப்போட்டுக் கொண்டிருந்தது. சுவரிலிருந்து அதற்கு வர வேண்டிய ஒயரைக் காணோம். ராத்திரி முழுக்க அதில் கரண்டு ஓடாவிட்டால் இந்தக் குளிரில் என்ஜின் விறைத்துவிடும்.

"வெர்ன்... ஒயர் எங்க?"

அவள் கணவன் வெர்ன் காபிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தான். எட்டிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான் போல. தங்கத்தைத் தோண்ட வந்த ஊரு... இப்ப ஒயரைத் திருடுது."

"ரெண்டு நாளா நீ பார்க்கலையா?"

"நான் கம்பெனி வேன்ல போறேன், வரேன். உன் காரை எதுக்குப் பார்க்கப் போறேன்? சாயங்காலம் புதுசு வாங்கிட்டு வரேன், விடு."

"மார்க் பண்ணி வச்ச ஒயரையே திருடறாங்கன்னா..."

"நீ போலீஸ்தானே, பிடி."

சிரித்துவிட்டு உள்ளே போனான்.

டில்மனே ஜீப்பில் வந்து அவளை ஏற்றிக் கொண்டார்.

லேலண்ட் ப்ரூயிட், அறுபத்தாறு வயது, ரிட்டையர்டு வாத்தியார், உறைந்த ஆற்றின் மேல் பக்கவாட்டில் படுத்திருந்தார். புருவத்தில் பனி. மேலே ஒரு ஸ்வெட்டர் மட்டும். ஐந்தடி தள்ளிக் கோட்டு. கைக்குப் பக்கத்தில் பாதி காலியான விஸ்கி பாட்டில்.

"குளிர் முத்திப் போனா உடம்பு எரியற மாதிரி இருக்கும். தானே கோட்டைக் கழட்டிடுவாங்க. நாம பார்க்காததா?" என்றார் டில்மன்.

"எங்கப்பா குடிக்க மாட்டார்."

கரையிலிருந்து ஒரு குரல். இரவல் கோட்டுக்குள் நடுங்கிக் கொண்டு ஒரு பெண். முப்பது வயதிருக்கும்.

"கமீல் ப்ரூயிட்," என்றாள். "இருபத்திரண்டு வருஷமா அவர் ஒரு சொட்டு தொட்டதில்ல, மேடம். நேத்து சாயங்காலம் நாலு மணிக்குப் பழைய சுரங்கத்தைப் பார்க்கப் போறேன்னு கார் எடுத்துட்டுப் போனார். எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுட்டு ரூம்லயே தூங்கிட்டேன். ரெண்டு மணி ப்ளேன்ல அப்பாவைக் கொண்டு போகணும். அதுக்குள்ள உங்க ரிப்போர்ட்ல 'குடிபோதை'ன்னு எழுதிடுவாங்க. எங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தரை இந்த ஊர் அப்படித்தான் எழுதி வச்சிருக்கு."

"யாரை?"

"அமோஸ் ப்ரூயிட்."

அந்தப் பேர் தெரியாத குழந்தை இந்த ஊரில் இல்லை. ஊரை உண்டாக்கிய மகான் ஜோசய்யா ஹாஸ்கின்ஸ். அவருடைய குடிகாரக் கூட்டாளி அமோஸ், 1903-ல் போதையில் ஆற்றின் மேல் நடந்து போய் விறைத்துச் செத்தவன். வருஷா வருஷம் ஊர் நாளன்று பள்ளிக்கூடத்தில் நாடகம் போடுவார்கள். மூன்றாம் வகுப்பில் அமோஸ் வேஷம் கட்டித் தள்ளாடிக் காட்டி, பென்சில் டப்பா பரிசு வாங்கியவள் ஐடா.

"அமோஸ் எங்கப்பாவுக்குக் கொள்ளுத்தாத்தா. சாகறதுக்கு மூணு நாள் முன்னால அவங்க அம்மாவுக்கு ஒரு லெட்டர் போட்டிருக்கார். 'சுரங்கத்தை எழுதிக் கொடு, இல்லேன்னா பனியில விட்டுட்டுப் போயிடுவேன்னு ஜோசய்யா சொல்றான். நான் இன்னும் குடிக்கப் பழகலை அம்மா, கவலைப்படாதே'ன்னு. நாளைக்கு ஊர் நாள். ஜோசய்யா சிலைக்கு முன்னால அதைப் படிக்கணும்னுதான் அப்பா வந்தார். நகல் எடுத்து வைங்கன்னு சொன்னேன். கேட்கலை. கோட்டு உள்பையிலயே வச்சுக்கிட்டு, பார்க்கறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டிருந்தார்."

ஐடா கோட்டை எடுத்தாள். உள்பையில் கை விட்டாள்.

காலி.

பையின் தையல் ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

"பைதானே, பழசாயிருக்கும்..." என்று டில்மன் ஆரம்பித்தார்.

"அவர் வந்த கார் எங்க சீஃப்?"

ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில், கடைசி வரிசையில், வாடகைக் கார் நின்றது. மேலெல்லாம் பனி.

"சாவி உள்ளயே இருக்கு. குடிகாரன் வேலை," என்றார் டில்மன்.

ஐடா உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

ஒரே திருப்பு.

செத்தவனின் கார் ஸ்டார்ட் ஆனது.

ஐடா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ராத்திரி முழுக்க மைனஸ் நாற்பத்தொன்றில் நின்ற கார்.

இறங்கி முன்பக்கம் போனாள். பம்பருக்கு மேலிருந்து, ஹோட்டலின் கரண்டுக் கம்பத்துக்கு ஓர் ஒயர். ஆற்றின் மூடுபனி அதன் மேல் உறைந்து, மணிக்கட்டு தடிமனில் வெள்ளைக் கயிறாகக் கிடந்தது.

"ப்ளக்கில போட்டிருக்கு. அதனால என்ன? எல்லாரும் போடறதுதானே?" என்றார் டில்மன்.

"நாம எல்லாரும் போடறதுதான்."

ஐடா டிக்கியைத் திறந்தாள். மூலையில் வாடகைக் கம்பெனியின் ஒயர். மஞ்சள். சுருட்டிக் கட்டிய கட்டைப் பிரிக்கவில்லை. அச்சடித்த சீட்டு கிழியவில்லை.

"கமீல், இது என்னன்னு தெரியுமா?"

கமீல் விழித்தாள். "கார் கழுவற சாமானோட சேர்ந்ததுன்னு நினைச்சோம். முந்தா நேத்துதானே வந்தோம். அன்னிக்கு ராத்திரி கார் வாடகைக் கம்பெனி கராஜ்லயே இருந்தது."

ஐடா டில்மன் பக்கம் திரும்பினாள்.

"ஃப்ளாரிடாக்காரர் சீஃப், வெயில் ஊரு. காருக்குக் கரண்டு கொடுக்கணும்னே அவருக்குத் தெரியாது. இதைக் கடைசியா ஓட்டிட்டு வந்து நிறுத்தினவன் இந்த ஊர்க்காரன். அவரை ஆத்துல சாக விட்டுட்டு வந்திருக்கான். வந்தவன் கை, தானா ஒயரைச் சொருகியிருக்கு."

"செத்தவன் கார் காலையில கிளம்பினா என்ன... கிளம்பாட்டி என்ன..."

"அதை யோசிக்கற ஊரா நம்ம ஊரு? என்ஜின் வெறைச்சிடக் கூடாது. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்."

டில்மன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அந்தக் குளிரில் யாரும் செய்யாத காரியம்.

"பத்து நிமிஷ வேலைன்னு நினைச்சேன்," என்றார்.

ஐடா ஒயரைக் கழற்றி, பனி உதிராமல் பிளாஸ்டிக் பையில் போட்டாள்.

மணி பதினொன்று.

ஸ்டேஷனில் ஐடாவின் மேஜைக்கு எதிரே வென்டல் ஹாஸ்கின்ஸ் உட்கார்ந்திருந்தார். ஜோசய்யாவின் கொள்ளுப்பேரன். பழைய சுரங்கத்தைக் காட்சிக்கு வைத்து, தட்டில் மண் அலசித் தங்கம் தேட விட்டு, டிக்கெட் வாங்குகிறவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் வேலை பார்த்தார்கள். நரித்தோல் தொப்பியை மடியில் வைத்துக் கொண்டு, நாயைப் போலத் தடவிக் கொடுத்தார்.

டில்மன் கதவருகே நின்றார். வெளியே பெஞ்சில் கமீல்.

மேஜையில், ஒரு தட்டின் மேல், அந்த ஒயர்.

"ப்ரூயிட்டைச் சுரங்கத்துக்குக் கூப்பிட்டது நீங்கதானே?" என்றாள் ஐடா.

"கூப்பிட்டேன். விருந்தாளி இல்லையா? வரலை. வழியில பாட்டிலைப் பார்த்திருப்பான். அந்த வம்சத்துக்கே அது உண்டு."

"இந்த ஒயர் உங்களுதா?"

வென்டல் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏம்மா, என் வீட்டு கராஜை நீ பார்த்ததில்லையா? உள்ள பூராவும் சூடு. இருபது வருஷமா நான் குனிஞ்சு ஒரு ஒயரைச் சொருகினது கிடையாது. அதுக்கெல்லாம் ஆள் இருக்கு."

சொட்.

ஒயரிலிருந்து ஒரு துளி தட்டில் விழுந்தது.

"எந்த ஆள்?"

சொட்... சொட்...

அறையின் சூட்டில் வெள்ளைக் கயிறு இளைத்துக் கொண்டே வந்தது. முதலில் கறுப்பு ரப்பர் தெரிந்தது. அப்புறம் ப்ளக்குக்கு ஒரு சாண் கீழே...

நீல நிற டேப். மூன்று சுற்று.

பக்கத்தில், அடுப்பில் பட்டு உருகிய ஒரு தழும்பு.

அந்த டேப்பைச் சுற்றியது ஐடா. அந்த அடுப்பு அவள் வீட்டு அடுப்பு.

அவள் ஒரு விரலால் அந்தத் தழும்பைத் தொட்டாள். எடுத்தாள். ஈர விரலைச் சட்டையில் துடைத்தாள்.

வென்டல் ஒயரைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். தொப்பியைத் தடவுவது நின்றது.

"ஐடா," என்றார் மெதுவாக. "டில்மன் சொன்ன கையெழுத்தைப் போட்டுடும்மா. அந்தப் பொண்ணு ரெண்டு மணிக்குப் போயிடும். ஜூன்ல வெர்னை மேனேஜராக்கலாம்னு இருக்கேன். உங்க வீடு நிக்கறதும் என் மண்ணுலதானே? நல்லா இருங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கமீல் தன் அப்பாவின் கோட்டை மடியில் போட்டு, கிழிந்த உள்பையைத் திரும்பத் திரும்பச் சரியாக மூடிக் கொண்டிருந்தாள். அது மூடவில்லை.

ஐடா ஒரு தாளை எடுத்தாள். எழுதினாள். வென்டல் பக்கம் தள்ளினாள்.

"இது என்ன?"

"நீங்க சொன்னது. 'அதுக்கெல்லாம் ஆள் இருக்கு.' அப்புறம் வெர்னுக்கு ஜூன் மாசம் மேனேஜர் வேலை, என் வீடு நிக்கற மண்ணு. படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க. பத்து நிமிஷ வேலை."

வென்டல் எழுந்தார். கதவை டில்மனின் முதுகு மறைத்திருந்தது.

"உக்காருங்க வென்டல்," என்றார் டில்மன். "வெளியில ரொம்பக் குளிரு."

ஐடா போனை ஸ்பீக்கரில் போட்டு, சுரங்கக் கம்பெனியின் நம்பரை அழுத்தினாள். நாலு தரம் மணி அடித்தது.

"வெர்ன்தான்... யாரு?"

"நான்தான். ஒயர் கிடைச்சிடுச்சு. புதுசு வாங்க வேண்டாம்."

"அட, எங்க?"

"செத்தவர் கார்ல."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. தூரத்தில் எங்கோ ஒரு மோட்டார் ஓடியது.

"வெர்ன், சீஃபும் கேட்டுக்கிட்டிருக்கார். வென்டலும் இங்கதான் இருக்கார். போனை வைக்கணும்னா வச்சிடு."

வைக்கவில்லை. அவன் பேச ஆரம்பித்தபோது குரல் ரொம்ப சாதாரணமாக இருந்தது. அதுதான் ஐடாவுக்குத் தாங்கவில்லை.

"நம்ம வீட்டுக்கு வந்துதான் என்னை ஏத்திக்கிட்டார். நல்ல மனுஷன். சுரங்கத்துல ரெண்டு மணி நேரம் நிக்கணுமே, வண்டி வெறைச்சிடுமேன்னு நம்ம ஒயரை எடுத்துப் போட்டேன். லெட்டரை மட்டும் வாங்கிக்கோன்னுதான் வென்டல் சொன்னார். கேட்டேன். தரலை. திரும்பி வந்ததும், இந்த ஆத்துலதான் அமோஸ் செத்தாராமேன்னு இறங்கி நடந்தார். கூடப் போனேன். கோட்டைப் பிடிச்சு இழுத்தேன், கழண்டு கையோட வந்துடுச்சு. வழுக்கி விழுந்துட்டார். எழுந்திருக்கலை."

"மூச்சு இருந்ததா?"

"...இருந்தது."

"அப்புறம்?"

"வென்டலுக்குப் போன் பண்ணேன். அவரை அங்கயே விடு, பக்கத்துல ஒரு பாட்டிலை வையின்னார். இந்த ஊருக்கு அந்தக் கதை நல்லாத் தெரியும், நம்புவாங்கன்னார். நான் ஒண்ணும் பண்ணலை ஐடா. விட்டுட்டு வந்தேன். குளிர்தான்..."

"லெட்டர்?"

"நம்ம அடுப்புல."

ஐடா கண்ணை மூடினாள். காலையில் அந்த அடுப்புப் பக்கத்தில்தான் கையைச் சூடுபடுத்திக் கொண்டாள்.

"அவரை அப்படியே விட்டுட்டு வந்து காரை நிறுத்தினியே வெர்ன்... ஒயரை எதுக்குச் சொருகின?"



"சொருகினேனா?" என்றான். நிஜமாகவே தெரியாதவன் குரல்.

வென்டல் பேனாவை எடுக்கவில்லை. டில்மன் அவர் மடியிலிருந்த தொப்பியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"வெர்ன், கிளம்பி ஸ்டேஷனுக்கு வா. ஓட நினைக்காதே. இந்தக் குளிர்ல எவ்வளவு தூரம் போக முடியும்னு உனக்கே தெரியும்."

"வரேன். கம்பெனி ட்ரக்கை எடுத்துட்டு வரேன்." மூக்கை உறிஞ்சினான். சாவிக் கொத்தின் சத்தம் கேட்டது. பதினாறு வருஷமாக ராத்திரி வீட்டுக்குக் கிளம்பும்போது பேசுகிற அதே குரலில் கேட்டான். "ஐடா... அங்க வாசல்ல ப்ளக் காலியா இருக்கா? வந்து சொருகணுமே."

ஐடா ஒயரைத் தட்டோடு தன் பக்கம் இழுத்துக் கொண்டாள்.

"சொருக வேண்டாம் வெர்ன். திரும்பி ஓட்டிட்டுப் போற வேலை உனக்கு இல்ல."