வேலம்மையின் சாவிச்சிமிழ்

டைட்டனில் காற்றுக்குழாயைத் திறக்க வேண்டுமானால் முதலில் வீட்டுக்குப் போன் போட வேண்டும். சனிக்கோளின் அந்த நிலவில் அந்த வேலை பார்க்கும் யாருக்கும் இது வேடிக்கையாகத் தெரியாது. நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஏழு வருடப் பயணம்தான்.

காரணம் உண்டு. உயிர்வளிக் கூடத்தில் இரண்டிரண்டு பேராக வேலை. குழாய்களின் கடவுச்சொற்கள் எல்லாம் 'சாவிச்சிமிழ்' என்ற சுண்டைக்காய் அளவுக் கருவிக்குள் இருக்கும். ஒருவர் மயங்கி விழுந்தால் மற்றவர் திறக்க வேண்டுமே என்று சிமிழ் இருவருக்கும் பொது. அந்தச் சிமிழுக்கும் ஒரு கடவுச்சொல் வைத்துப் பார்த்தார்கள். ஆட்கள் அதைத் துண்டுச்சீட்டில் எழுதி மேசைக்கடியில் ஒட்டிவிட்டார்கள். நிர்வாகம் தலையில் அடித்துக்கொண்டு, கூடத்துக்கு வெளியில் இருக்கும் ஒருவரின் குரலையே சாவியாக்கியது. அதுவும் அந்த நொடியில் வாயிலிருந்து வருகிற குரல். பதிவு செய்தது செல்லாது.

சொக்கலிங்கத்துக்கு இதெல்லாம் தெரியாது. மனைவி வேலம்மை அந்தக் கூடத்தில் வேலை பார்த்தாள் என்பது தெரியும். போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்பதும் தெரியும். அதைத்தான் இன்னும் நம்பவில்லை.

அவளோடு வேலை பார்த்த இருதயராஜ் சிமிழோடு வந்து நின்றான்.

"அண்ணே, நாளைக்கு இதை அழிச்சிருவாங்க. அக்கா உங்களுக்குன்னு இதுல ஒரு பேச்சு வச்சிருக்கு. உங்க குரல்ல ஒரு வார்த்தை சொன்னாத்தான் திறக்கும். பொதுச் சிமிழ்ல சொந்தப் பேச்சு ஒரு தடவைதான் ஒலிக்கும், பார்த்துக்குங்க."

சொக்கலிங்கம் இரண்டு கையாலும் வாங்கினார். "வேலம்மை" என்றார். திறக்கவில்லை. கல்யாண நாளைச் சொன்னார். கடைசியில், கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக, "கண்ணே" என்றும் சொல்லிப் பார்த்தார். சிமிழ் அசையவில்லை.

"அதெல்லாம் இல்லண்ணே. 'ம்'."

"என்னது?"

"'ம்'. அவ்வளவுதான். தினமும் மதியம் அக்கா உங்களுக்குப் போன் போட்டு 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்கும். நீங்க 'ம்'பீங்க. சிமிழ் திறக்கும். ஊரே மூச்சு விடும்."

சொக்கலிங்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இவளுக்கு வேறு வேலையே கிடையாதா என்று அந்தப் போனைப் பற்றி அவர் குறை சொல்லிக் கேட்காத ஆள் அந்த நிலவில் இல்லை.

"வேற நல்ல வார்த்தையா ஒண்ணு வச்சிருக்கலாமே, தம்பி?"

"நானும் கேட்டேண்ணே. 'அவரு தவறாமச் சொல்றது அது ஒண்ணுதான் தம்பி'ன்னுச்சு."

அவர் சிமிழை உதட்டருகே கொண்டுபோனார். நெஞ்சில் இருந்ததையெல்லாம் திரட்டி "ம்" என்றார். இன்னொரு தரம் "ம்" என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"குரல் பொருந்தவில்லை," என்றது சிமிழ். "பேசுபவர் கவனத்துடன் இருக்கிறார்."

இருதயராஜ் விவரமானவன். உள்ளங்கையை விரித்து, தோலுக்கடியில் இருந்த திரையில் சடுகுடு இறுதியாட்டத்தைப் போட்டான்.

"இதைப் பாருங்க."

"இப்ப இது ஒண்ணுதான் குறைச்சலா?"

"சும்மா பாருங்கண்ணே!"

டைட்டனில் ஈர்ப்பு குறைவு. பாடிப் போனவன் எகிறினால் இறங்க நேரமாகும். பார்க்கிறவனால் இமைக்க முடியாது. சொக்கலிங்கமும் இமைக்கவில்லை.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"ம்," என்றார், முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத சொக்கலிங்கம்.

சிமிழ் திறந்துகொண்டது.

"ஏங்க..." என்றாள் வேலம்மை.

திரையில் ஒருவன் நான்கு பேர் தலைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தான். கோட்டுக்கும் அவன் விரலுக்கும் நூலிழைதான் இடைவெளி. வேலம்மையின் குரல் மெதுவாக, அவசரமில்லாமல், நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தது. விரல் கோட்டைத் தொட்டது.

"...சரியா?" என்று முடித்தாள்.

"ம்," என்றார் சொக்கலிங்கம்.

பிறகுதான் திரும்பினார். சிமிழின் விளக்கு அணைந்திருந்தது. உலுக்கினார். காதில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி... தம்பி, அவ என்ன சொன்னா?"

இருதயராஜ் உள்ளங்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ம்?" என்றான்.