காணாமற்போன சுக்கான் கொண்டி

ஊரார் 'மிசி' என்று அழைக்கும் மருத்துவமாது திரேசம்மா காலைச் சுற்றை முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் மனோகரி ரீச்சர் தேநீரோடு வந்து, "கப்பலோட்டுற தண்டையலின்ரை மனிசி எப்பிடி?" என்று கேட்டாள்.

"சிவக்கொழுந்துக்கு இன்னும் ஒரு கிழமையாவது செல்லும். பயந்துபோய் இருக்கிறாள். முந்திப் பிறந்த இரண்டும் தங்கேல்லை. இரண்டு முறையும் புருசன் கடலிலை."

வேலிப் படலைக்கு வெளியே யாரோ விம்மினார்கள். கப்பல் கட்டும் துறையின் காவற்காரன் குழந்தைவேலுவின் மனைவி ஆச்சிமுத்து.

"மிசி, களவுபோன மாட்டைக்கூடக் கண்டுபிடிச்சுக் குடுத்தனீங்கள். என்ரை மனிசனையும் காப்பாத்துங்கோ. பின்னேரத்துக்கிடையிலை கொண்டி கிடைக்காட்டில் பொலிசிலை குடுப்பினமாம்."

பரராசசிங்கம் முதலாளியின் புதிய பாய்க்கப்பல் ஊர்காவற்றுறைக் கரையில் கட்டி முடிந்து, மறுநாள் பௌர்ணமிக் கடற்பெருக்கில் இறங்க இருந்தது. சுக்கானைக் கப்பலின் பின்புறத்தோடு பிணைக்கும் கனத்த இரும்புக் கொண்டியைத் திருகோணமலைக் கடற்படைப் பட்டறையில் இருந்து ஓய்ந்த கொல்லன் ஒருவன் செய்து கொடுத்திருந்தான். முதல்நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அது கொட்டிலில் இருந்து மறைந்துவிட்டது. வேறொன்று வருவதற்குள் பெருக்கு வடிந்துவிடும். பிறகு அமாவாசைவரை காத்திருக்க வேண்டும்.

"வாசலாலை ஒருத்தரும் இரும்போடை போகேல்லை எண்டு அவர் சத்தியம் பண்ணுறார்," என்றாள் ஆச்சிமுத்து. "அதுதான் வினையாப் போச்சு. ஒருத்தரும் போகேல்லை எண்டால் நீதான் எடுத்தனி எண்டினம்."

"உம்மடை மனிசன் பொய் சொல்லுவாரோ?"

"சாப்பாடு நல்லாயிருக்கு எண்டு சொல்லுவார். வேறை பொய் தெரியாது."

திரேசம்மா சிரித்துக்கொண்டே குடையை எடுத்தார். மனோகரி அவருக்கு முன்னே நடந்தாள்.

துறையில் கப்பல் முட்டுக்கட்டைகளின்மேல் நின்றது. பலகை இடுக்குகளில் பஞ்சு அடைக்கும் இலட்சுமணன் முதலாளியோடு போன கிழமை பெரிய வாய்ச்சண்டை பிடித்தவன் என்று கேள்விப்பட்டதும் மனோகரியின் கண்கள் விரிந்தன. "மிசி, ஆள் பிடிபட்டிட்டான்!"

"பொறும் பிள்ளை," என்றார் திரேசம்மா.

அவர் கொட்டிலுக்குள் போனார். கொண்டி கிடந்த இடத்தின் அருகே மாட்டுக்கொழுப்புத் தகரம் ஒன்று இருந்தது. கப்பல் வழுக்கி இறங்கும் மரங்களுக்குப் பூச வைத்திருந்தது. இன்னும் பூசத் தொடங்கவில்லை. ஆனால் கொழுப்பின் நடுவில் நான்கு விரல்கள் ஆழமாக வழித்திருந்தன. பக்கத்தில் பாய்ச்சீலையிலும் ஒரு துண்டு வெட்டப்பட்டிருந்தது.

வெளியே தண்டையல் விநாயகமூர்த்தி நின்றார். கப்பலைக் கொண்டு செல்லப்போகிறவர் அவர்தான்.

"மிசி, அவள் எப்பிடி?"

"சுகமாய் இருக்கிறாள். நீரும் கொஞ்சம் நித்திரை கொள்ளும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு அப்பால் போனார். ஏணியால் மேல்தட்டுக்கு ஏறிய திரேசம்மாவுக்கு இலட்சுமணன் எல்லாவற்றையும் காட்டினான். நடுவில் மூடியோடு ஒரு புதிய தண்ணீர்ப் பீப்பா வெயிலில் காய்ந்தது.

"இதைப் பாருங்கோ மிசி! பயணத்துக்கு முந்தி ஊறாட்டில் பலகை வெடிச்சுப் போகும். நேற்றுப் பின்னேரம் தண்ணி கொண்டு வந்தனான். தண்டையல் வேண்டாமெண்டு திருப்பி அனுப்பிப் போட்டார். ஒரு கயிறு வெயிலிலை கிடந்தாலே என்னைக் கிழிக்கிற மனிசன்!"

திரேசம்மா பீப்பாவைத் தொடவில்லை. "எல்லாரையும் கப்பலுக்குக் கீழை வரச் சொல்லும்," என்றார்.

முதலாளி, தண்டையல், இலட்சுமணன், முகம் கறுத்து நின்ற குழந்தைவேலு எல்லோரும் கூடினார்கள்.

"குழந்தைவேலு சொல்லுறதை நான் நம்புறன்," என்று தொடங்கினார் திரேசம்மா. "வாசலாலை இரும்பு போகேல்லை. அப்ப அது இன்னும் இஞ்சைதான். எடுத்தவர் முதலிலை அதுக்குக் கொழுப்புப் பூசி, பாய்ச்சீலையிலை சுத்தியிருக்கிறார். கோபக்காரன் எண்டால் கடலிலை எறிவான். விக்கிறவனுக்கு ரெண்டு நாளிலை துருப்பிடிச்சுக் கறள் ஏறுறதைப் பற்றிக் கவலையில்லை. இவருக்குக் கொண்டி பழுதாகக் கூடாது, ஆனால் நாளைக்குக் கிடைக்கவும் கூடாது. அவருக்குத் தேவை அமாவாசைவரை நாள்."

"எங்கை இருக்கு?" என்றார் முதலாளி.

"கப்பலை இவ்வளவு பார்த்துக்கொள்ளுற ஒருத்தர், புதுப் பீப்பாவை மட்டும் ஏன் காய விடுறார்? தண்ணி ஊத்தினால் உள்ளை இருக்கிறது நனைஞ்சிடும்."

இலட்சுமணன் ஏணியில் பாய்ந்து ஏறினான். சீலையில் சுற்றிய கொண்டியோடு இறங்கினான். ஒரு துளி கறளும் இல்லை.

விநாயகமூர்த்தி முன்னே வந்தார். "அவளுக்குப் பிள்ளை பிறக்குமட்டும் கரையிலை நிக்கத்தான் எடுத்தனான். குழந்தைவேலு, உன்னைப் பிடிப்பினம் எண்டு நினைக்கேல்லை. விடியத்தொடக்கம் சொல்லத்தான் பாக்கிறன். வாய் வரேல்லை."

"என்னை உள்ளை தள்ளின பிறகு வந்திருக்குமோ அண்ணை?" என்றான் குழந்தைவேலு.

"கேட்டிருந்தால் நிக்க விட்டிருப்பன்," என்றார் முதலாளி.

"போன முறை கேட்டனான் முதலாளி. காத்து உன்ரை வீட்டுக்காரிக்காக நிக்குமோ எண்டு கேட்டனீங்கள். நான் திரும்பி வரேக்கை தொட்டில் மட்டும் இருந்தது."

முதலாளி தன் சால்வையைச் சரிசெய்தார். பிறகு இலட்சுமணனைப் பார்த்து, "அந்தப் பீப்பாவிலை தண்ணி ஊத்திப் பாரடா," என்றார்.

மேலே இலட்சுமணன் ஊற்றிய தண்ணீர் எல்லா இடுக்காலும் ஒழுகிக் கீழேயும் சொட்டியது.

"நாளைக்குக் கப்பலை இறக்குவம். ஆனால் ஒழுகுற பீப்பாவோடை பயணம் போக ஏலாது. அது ஊறி ஒழுக்கு நிண்ட பிறகுதான் போறது." அவர் திரும்பினார். "குழந்தைவேலு, நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன். பீப்பா இனி உன்ரை பொறுப்பு. எவ்வளவு ஊத்துறது, எப்ப ஊத்துறது, எல்லாம் உன்ரை பாடு."

குழந்தைவேலு தண்டையலைப் பார்த்தான்; பிறகு இறங்கி வந்த இலட்சுமணனின் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டான்.

மறுநாள் தேங்காய் உடைத்துக் கப்பல் இறக்கப்பட்டது. அதன்பின் காலைதோறும் குழந்தைவேலு அரை வாளித் தண்ணீரோடு தோணியேறிப் போய் வந்தான்.

"மிசி, இந்தக் கணக்கிலை ஊத்தினால் பீப்பா எப்பதான் ஊறும்?" என்றாள் மனோகரி.

"குழந்தைவேலுவைக் கேளும்," என்றார் திரேசம்மா.

அடுத்த கிழமை ஒரு விடியலில், விநாயகமூர்த்தியின் கைகளில் ஒரு பெண்குழந்தையைக் கொடுத்துவிட்டுத் திரேசம்மா வெளியே வந்தார். குழந்தையின் அழுகை வீதிவரை கேட்டது. துறைப் பக்கமாகக் குழந்தைவேலு ஓடிக்கொண்டிருந்தான். இரண்டு கைகளிலும் வாளிகள், விளிம்புவரை தண்ணீர்.