முதல் நடனத்துக்கு ஒரு பாட்டு

பர்மாவின் பசுந்தாங் கால்வாய்க் கரையில் இருந்த அந்த வீட்டுக்கு நான் போனது ஒரு பிற்பகல். மழை விட்டிருந்தது. ரிக்‌ஷாவில் என் மடியில் ஒரு பெட்டி நிறைய கிராமபோன் தட்டுகள் இருந்தன. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பித் தரலாம் என்று டல்ஹௌசி தெருக் கடைக்காரர் கொடுத்தனுப்பியவை.

வீடு பெரியது. கீழே செங்கல், மேலே தேக்குப் பலகை. அக்கரையில் அரிசி ஆலைகள் உமியை எரித்துக்கொண்டிருந்தன. அந்தப் புகை நாற்றம் ஈரத்தோடு சேர்ந்து சுவர்களில் ஒட்டியிருந்தது. மேல் மாடியின் எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன, ஒன்றைத் தவிர.

கல்யாணப் பெண் பவுனம்மாளும் நானும் ஒன்றாகக் கல்லூரியில் சேர்ந்தவர்கள். நான் பி.எஸ்ஸி. முடித்தேன். அவளை அவள் அப்பா பாதியில் நிறுத்திவிட்டார்.

அவர்தான் வாசலில் நின்றிருந்தார். பொன்னுத்துரை, ஆலைக்கு நெல் பிடித்துக் கொடுக்கும் தரகர்.

"வாம்மா, பி.எஸ்ஸி. சனிக்கிழமை காலையில மாதா கோயில்ல கல்யாணம், சாயங்காலம் இங்க விருந்து. மேனேஜர் துரையும் துரைசாணியும் வர்றாங்க. அவங்க முறைப்படி பொண்ணும் மாப்பிள்ளையும் முதல்ல ஆடணும். அதுக்கு ஒரு பாட்டு எடுத்துக் குடு."

"எனக்குப் பாட்டு அவ்வளவா தெரியாது, மாமா."

"மிஷின் தெரியும்ல. அது போதும்."

கூடத்தின் மூலையில் கிராமபோன் இருந்தது. பெரிய பித்தளைப் புனல். பவுனு அதன் பக்கம் போகாமல் நடுவில் நின்றாள். மாப்பிள்ளை ஆசீர்வாதம் ரயில்வே கார்டு. சக கார்டுகளான ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர்களோடு சேர்ந்து ரயில்வே கிளப்பில் ஆடப் பழகியவன்.

"காலை மிதிச்சேன்னா சொல்லு," என்றான் அவளிடம்.

"மிதிச்ச பிறகு சொல்லி என்ன பிரயோசனம்?"

முதல் தட்டு ஒரு வால்ட்ஸ். பிடில்கள் மெல்ல எழுந்தன. அவன் உதட்டுக்குள் தாளம் எண்ணிக்கொண்டு அவளைச் சுற்றினான். பாட்டில் ஓரிடத்தில் பிடில்கள் தணிந்தன.

அங்கே வேறொரு குரல் இருந்தது.

வாய் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே பாடும் பெண் குரல். பாடியது தட்டில் இருந்த பாட்டை இல்லை.

"யாரது, பின்பாட்டு?" என்றான் ஆசீர்வாதம்.

நான் ஊசியைத் தூக்கினேன். தட்டு சத்தமில்லாமல் சுழன்றது. குரல் இன்னும் கொஞ்ச தூரம் தனியாகப் போனது. பிறகு, தனியாக விடப்பட்டதை உணர்ந்ததுபோல் நின்றது.

"கால்வாய்க் காத்து," என்றேன். "புனல் வாயில மோதினா இப்படிக் கேக்கும். காலி பாட்டில் வாயில ஊதுற மாதிரி."

பவுனு தலைக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு தட்டை வைத்தேன். தணிவான இடம் வந்ததும் குரலும் வந்தது, முன்பு விட்ட இடத்தில் இருந்து. புனலுக்குள் காதை வைத்தேன். அங்கே பிடில் மட்டும்தான். குரல் மேலே இருந்து, தேக்குப் பலகையின் இடுக்குகள் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நீண்ட சுரத்தை இழுத்தது. நின்றது.

மூச்சு வாங்கியது.

காற்று மூச்சு வாங்காது. எனக்கு இயற்பியலில் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் அது தெரியும்.

பொன்னுத்துரை வேகமாக உள்ளே வந்தார். என் கையை விலக்கி, ஓடிக்கொண்டிருந்த தட்டை எடுத்துவிட்டு, அலமாரியில் இருந்து ஒரு பழைய தட்டைப் போட்டார். பட்டாளத்து அணிவகுப்புப் பாட்டு. எக்காளமும் முரசும் கூடத்தை நிறைத்தன. அவர் மேலே பார்க்கவில்லை.

"இதுதான் நல்லாயிருக்கு."

"இதுக்கு ஆட முடியாது, மாமா," என்றான் ஆசீர்வாதம். "சண்டைக்கு வேணா போகலாம்."

"அப்ப பேண்டு வைக்கிறேன். அமீர் அலி செட்டு. பத்துப் பேர் ஊதினா எல்லாம் சரியாப் போயிரும்."

எது சரியாகப் போகும் என்று அவர் சொல்லவில்லை.

அவர் வெளியே போனதும் பவுனு என் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனாள். நடையின் கோடியில் ஒரு கதவு. வெளிப்புறம் குறுக்காக இரும்புப் பட்டை. பட்டையில் துரு ஏறியிருந்தது.

"ரத்தினம் அக்கா இருந்த ரூம்."

அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"ஒரு பர்மிய கம்பவுண்டரைக் கட்டிக்கிறேன்னு நின்னா. அப்பா இதுல போட்டுப் பூட்டிட்டாரு. அவ சோறு திங்கல, அழல. பாடினா. கீழ கால்வாயில சம்பான் படகு தள்ளுறவங்க பாடுவாங்கல்ல, அந்த மாதிரி ஒண்ணு. அவளாவே கட்டின பாட்டு. தெருவுக்கே கேட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்பா கிராமபோன் வாங்கிட்டு வந்தாரு."

கீழே முரசு இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.

"அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. கதவைத் தட்டினா. தட்டத் தட்ட அவர் மிஷினுக்குச் சாவி குடுத்துக்கிட்டே இருந்தாரு. தட்டுறது நின்னப்பதான் பாட்டையும் நிறுத்தினாரு. அதுக்கு மேல இந்த வீட்டுல யாரும் அவ பேரைச் சொன்னதில்ல."

கீழே தட்டு முடிந்து ஊசி வெறுமனே கீறியது. அதையும் யாரோ நிறுத்தினார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம், என் காது இருந்த உயரத்திலேயே, குரல் தொடங்கியது.

நான் அசையவில்லை. அசைய முடியவில்லை. கதவின் அடியில் இருந்து காற்று வந்து என் பாதத்தைத் தொட்டது. மழைக்காலத்தில், ஆண்டுக்கணக்காக மூடிக் கிடக்கும் அறையின் காற்று குளிர்ந்திருக்க வேண்டும்.

அது சுட்டது. காய்ச்சல்காரரின் மூச்சைப்போல.

பவுனு கதவில் நெற்றியை வைத்தாள். "அக்கா," என்று மெல்லச் சொன்னாள். "சனிக்கிழமை ஆடப் போறேன். எந்தப் பாட்டுக்கு ஆடட்டும்?"

குரல் நின்றது. பலகையின் மறுபக்கம், அவள் நெற்றி இருந்த இடத்தில், எதுவோ மெல்லச் சாய்ந்தது. கதவு பட்டைக்கு எதிராக ஒரு முறை முனகியது.

பிறகு பாட்டு, முதல் வரியில் இருந்து.

இறங்கி வந்தபோது, சமையல் செய்யும் கனகாம்பாள் படிக்கட்டின் அடியில் நின்றிருந்தார். பவுனின் தாய் இறந்ததில் இருந்து அவளை வளர்த்தவர். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"வேணாம் பாப்பா. எங்க இந்துக் கல்யாணங்கள்ல கெட்டிமேளம் எதுக்குக் கொட்டுறாங்க? நல்ல நேரத்துல அழுகைச் சத்தம் காதுல விழக் கூடாதுன்னுதான். அப்பா பேண்டு வைக்கிறது நல்லதுக்குத்தான்."

"அவ அழல, கனகக்கா. பாடுறா."

கூடத்து வாசலில் பொன்னுத்துரை நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தாமலே சொன்னார். "அந்த ரூமைப் பத்தி சனிக்கிழமை ஒரு வார்த்தை வெளியில வந்துச்சோ, கல்யாணம் ஆனாலும் நீ எனக்குப் பொண்ணு இல்ல. இந்த வாசலை மிதிக்கக் கூடாது."

பவுனுக்கு அந்த வீட்டைத் தவிர வேறு பிறந்த வீடு இல்லை. அவள் தலை குனியவில்லை.

ஆசீர்வாதத்திடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றான். "ஆனா கால் வரும்."

சனிக்கிழமை காலை கோயிலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மாலை, விளக்கு ஏற்றும் நேரத்தில் கூடம் நிறைந்துவிட்டது. ஆலைக் குமாஸ்தாக்கள், ரயில்வேக்காரர்கள், முன்வரிசையில் மேனேஜர் துரையும் அவர் மனைவியும். அவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் பொன்னுத்துரை. நான் படிக்கட்டின் அருகே, முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால், ஒரு தூணை ஒட்டி நின்றேன். வெளியே மறுபடி மழை.

அமீர் அலி கையை உயர்த்தினார். பேண்டு முழங்கியது. வால்ட்ஸ்தான், ஆனால் ஊர்வலத்துக்கு ஊதுவதுபோல் ஊதினார்கள். பொன்னுத்துரை அப்படித்தான் சொல்லியிருந்தார். பவுனும் ஆசீர்வாதமும் நடுவில் வந்து நின்றார்கள்.

எனக்கு அது முதலில் காதில் கேட்கவில்லை. தூணில் வைத்திருந்த உள்ளங்கையில் கேட்டது. மரம் அதிர்ந்தது.

பிறகு படியில்.

மேல் படி. அடுத்த படி. குரல் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டை போட்ட கதவு மேலே மூடித்தான் கிடந்தது. நான் நின்ற இடத்தில் இருந்து அது தெரிந்தது.

கிளாரினெட் வாசித்தவர் முதலில் தடுமாறினார். அவர் விரல்கள் வேறு பாட்டுக்குப் போய்விட்டன. அவர் அவற்றை மிரண்டு பார்த்தார். பொன்னுத்துரை கையை ஆட்டி, இன்னும் சத்தமாக என்று சைகை காட்டினார். முரசு இடித்தது.

உமிப்புகையும் வியர்வையும் கலந்த ஒரு வெப்பம் என் தோளைத் தாண்டிக் கூடத்துக்குள் போனது.

பவுனு மாப்பிள்ளையின் கையை விட்டுவிட்டு நேராக அமீர் அலியிடம் நடந்தாள்.

"நிறுத்துங்க, பாய்."

"வாசிங்க," என்றார் பொன்னுத்துரை.

அமீர் அலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எக்காளத்தைக் கீழே இறக்கினார். "கல்யாணப் பொண்ணு சொல்லுது, ஐயா. இன்னைக்கு அது சொல்றதுதான்."

மழைச் சத்தம். அதற்கு மேலே, எந்த வாத்தியமும் இல்லாமல், கூடத்தின் நடுவில் இருந்து அந்தக் குரல்.

எல்லோருக்கும் கேட்டது. பேச்சு நின்றது. யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். கனகாம்பாள் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"பவுனு," என்றார் அவள் அப்பா. அது எச்சரிக்கை.

அவள் அவரைப் பார்த்தே சொன்னாள். "இது என் அக்கா ரத்தினம்மாள். பாட்டை அவகிட்ட கேட்டுத்தான் வச்சேன்."

ஆசீர்வாதம் முன்னால் வந்தான். கையை அவள் முன் நீட்டினான்.

ஆடினார்கள். அலை வந்து படகைத் தூக்கி இறக்குவதுபோன்ற மெதுவான பாட்டு. முதலில் அவன் கால் தேடியது, பிறகு கண்டுகொண்டது. குரல் அவர்களைச் சுற்றி வந்தது. அவர்கள் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஆசீர்வாதம் தன் தோளை ஒரு சாண் ஒதுக்குவதைக் கண்டேன். அங்கே இன்னொருவருக்கு இடம் விடுவதுபோல. தரையில் அவர்களுடைய நிழல் இரண்டாக இருந்தது. மூன்றாவது எதுவும் இல்லை. ஆனால் பவுனின் முக்காட்டுத் துணி, காற்றில்லாத அந்தக் கூடத்தில், ஒரு பக்கமாகவே தூக்கி நின்றது, பின்னால் யாரோ தரையில் படாமல் பிடித்து வருவதுபோல.

பவுனு அழுதுகொண்டிருந்தாள். தாளம் தவறவில்லை.

துரைசாணி என் பக்கம் சாய்ந்து ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள். எவ்வளவு இனிமையான குரல், பாடுகிறவர் எங்கே நிற்கிறார், யார் அவர் என்று கேட்டாள்.

பொன்னுத்துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள், வேண்டாம் என்றன. நான் பொதுவாக அன்னியர் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறவள்.

"இந்த வீட்டின் மூத்த மகள்," என்றேன். முன்வரிசை முழுவதும் கேட்கும்படி.

துரைசாணி பொன்னுத்துரையின் பக்கம் திரும்பி, தலையசைத்துப் பாராட்டினாள். அவர் முகத்தில் இரத்தம் இல்லை.

பாட்டு முடிந்தது. கடைசிச் சுரம் தேய்ந்து மழைக்குள் போனது. ஒருவர் கை தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள், பயத்தில்தான் பாதி.

"போதும்," என்றார் பொன்னுத்துரை. எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. "அமீர் அலி, இப்பவாவது வாசி."

அமீர் அலி எக்காளத்தை உதட்டில் வைத்தார். கன்னங்கள் உப்பின. ஓசை வரவில்லை. மறுபடி ஊதினார். அவர் அதைத் திருப்பி உள்ளே பார்த்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டு, அதைத் தொடவே இல்லை.

அந்த அமைதியில் அடுத்த பாட்டு தொடங்கியது.

இதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பவுனும் இல்லை, அவள் என்னைத் திரும்பிப் பார்த்தபோது அவள் கண்ணில் அது தெரிந்தது. முந்தையதைவிட வேகமான பாட்டு. குரலும் இப்போது தொண்டைக்குள் இல்லை. வாய் திறந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது.

அது கூடத்தின் நடுவில் இருந்து நகர்ந்தது. முன்வரிசைக்கு வந்தது. மேனேஜரைத் தாண்டியது. துரைசாணியைத் தாண்டியது.

பொன்னுத்துரையின் நாற்காலிக்கு முன்னால் நின்றது.

அவர் இரண்டு கைகளாலும் நாற்காலியின் பிடிகளை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது கையின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடியில் இருந்து விலகின. கை, மணிக்கட்டு தளர்ந்து, உள்ளங்கை கீழே பார்த்தபடி, மெல்ல உயர்ந்து, ஆட அழைத்த யாரோ பிடித்துக்கொண்டதுபோல் அந்தரத்தில் நின்றது.

பிறகு அவர் எழுந்தார்.