ஆகாயத்தில் கடப்பாரை ஏது?

என் மகன் சதீஷ் பொய் சொல்கிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் காலை திருக்கடையூரில் எனக்கு எண்பதாம் கல்யாணம். எண்பது வயது ஆனவன் கட்டிய மனைவிக்கே மறுபடியும் தாலி கட்டுவான். அது எங்கள் வழக்கம். மஸ்கட்டில் வேலை பார்க்கும் சதீஷ் அன்று ராத்திரி திருச்சியில் வந்து இறங்க வேண்டும். மத்தியானம் போன் வந்தது.

"அப்பா, ஃப்ளைட் கேன்சல். ஆப்பிரிக்காவுல ஒரு எரிமலை வெடிச்சிருக்கு. சாம்பல் காத்துல இங்க வரைக்கும் வந்துடுச்சு."

"எங்கயோ மலை வெடிச்சா உனக்கென்னடா? லீவு கிடைக்கலேன்னு சொல்லிட்டுப் போயேன்."

"நிஜமாப்பா!"

"போன தீபாவளிக்கும் இப்படித்தான் ஒரு நிஜம் சொன்ன. காலையில நீ இல்லேன்னா கல்யாணமே கிடையாது."

போனைப் பேத்தி அபிநயாவிடம் நீட்டினேன். சதீஷின் மகள், ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். போனோடு கொல்லைப்பக்கம் போனவள் திரும்பி வரும்போது முகம் சுண்டியிருந்தது.

"தாத்தா, அப்பா அழுவுறாங்க. பஸ் பிடிச்சு வேற ஊருக்குப் போயி, அங்கேருந்து எந்த ஃப்ளைட் கிளம்பினாலும் ஏறி வந்துடுறேன்னு சொல்றாங்க."

"வரட்டும்."

"சாம்பலுக்குள்ள பறந்தா ஆபத்து தாத்தா!"

"எங்க சாம்பல்? வானத்தைப் பாரு, துடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

"நம்ம ஊர் மில்லுச் சாம்பல் மட்டும் வானத்துல தெரியுதா? வெள்ளை வேட்டியைக் காயப்போட்டு எடுத்தாத்தானே தெரியுது?"

முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் விடவில்லை. கொல்லைக் கதவு அடிக்காமலிருக்க நான் முட்டுக் கொடுத்திருந்த கறுப்புக் கட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

"இது என்ன தாத்தா? கல்லா?"

"கல்லு இல்ல. அரிசி மில்லு உலையில எடுத்தது. உமிச் சாம்பல்."

நாற்பது வருஷம் அந்த உலைக்கு உமி தள்ளியவன் நான்.

"சாம்பல் எப்படிக் கல்லாச்சு?"

"சூடு அதிகமானா உருகும். பாகு மாதிரி ஓடிப் போயி, உலைக் கம்பியில ஒட்டி இறுகிடும். அப்புறம் காத்து போகாது. உலை மூச்சுத் திணறி அணைஞ்சுடும்."

"அப்ப என்ன செய்வீங்க?"

"ஆற விட்டு, கடப்பாரையால பேர்க்கணும்."

"ஃப்ளைட் எஞ்சினுக்குள்ளயும் நெருப்புதான் தாத்தா. எரிமலைச் சாம்பல் உள்ள போனா இதே மாதிரி உருகி ஒட்டிக்குமாம். எஞ்சின் நின்னே போயிடுமாம். எங்க டீச்சர் சொன்னாங்க." கட்டியைத் தட்டிக் காட்டினாள். "ஆகாயத்துல கடப்பாரைக்கு எங்க போறது?"

கட்டியைத் தடவிப் பார்த்தேன். உலை நின்றால் வெளியே வந்து டீ குடிப்போம். கடலுக்கு மேலே என் பிள்ளை எங்கே இறங்குவான்?

"போனைப் போடு" என்றேன்.

"அப்பா, பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிட்டேன்..." என்றான் சதீஷ்.

"திரும்பி ரூமுக்குப் போடா. சாம்பல் விலகட்டும், அப்புறமா ஏறு."

"கல்யாணம்?"

அதற்குள் என் மனைவி வள்ளியம்மை போனுக்குள் தலையை நீட்டினாள். "அம்பது வருஷத்துக்கு முன்னாடி இவரு கட்டின தாலி கழுத்துலயேதான்டா இருக்கு. இன்னொண்ணுக்கு நாலு நாள் பொறுத்தா ஒண்ணும் ஆகாது."

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து கேட்டன.

குருக்கள் வேறு நாள் குறித்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் விமானங்கள் கிளம்பின. ஐந்தாம் நாள் திருக்கடையூரில் எங்களுக்குப் போட்ட மாலைகள் கழுத்தை அழுத்தின. என் மாலையைச் சதீஷ் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டான். வள்ளியம்மையின் மாலைக்கு அபிநயாவின் உயரம் எட்டவில்லை. நாற்காலி கேட்டு வாங்கி, மேலே ஏறி நின்றுவிட்டாள்.