ராயகிரிப் பெட்டி

பெட்டியின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது.

தார்ப்பாய் போர்த்திக் கொண்டுவந்த பெட்டி. ராயகிரியிலிருந்து தென்காசி வரை வழியெல்லாம் புழுதி பறந்ததே தவிர மழை என்று ஒரு பொட்டு கிடையாது. மகாராஜா விரலால் தடவி மோந்து பார்த்தான். பாசி வாசனை. வேன்காரன் தண்ணீர்க் கேனைப் பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பான், கூறு கெட்ட பயல் என்று முடிவுகட்டி, பழந்துணியால் துடைத்துவிட்டு வீட்டுக் கூடத்து ஊஞ்சல் கொக்கியில் அதை இடுப்பு உயரத்துக்குத் தொங்கவிட்டான்.

அவனைப் பொறுத்தவரை உலகத்தில் முக்கால்வாசிப் பேர் கூறு கெட்டவர்கள். மிச்சக் கால்வாசியில் அவன் ஒருவன்தான் இருந்தான். ஐந்தருவிச் சாலையில், சிப்ஸ் கடைக்கும் மங்குஸ்தான் பழக்கடைக்கும் நடுவே அவனுடைய பழம்பொருள் கடை. தேக்கு அலமாரியைத் தள்ளிவிட்டு அந்தக் காசில் பிளாஸ்டிக் நாற்காலி வாங்குகிற கிராமத்தார் ஒரு பக்கம். யாரோ தாத்தா காறித் துப்பிய பித்தளைப் படிக்கத்தை வாங்கிப் போய், ரோஜா இதழ் மிதக்கவிட்டு, சாப்பாட்டு மேசை நடுவில் வைக்கிற பட்டணத்தார் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்று சிரிப்பதற்குப் பெயர்தான் வியாபாரம் என்று மனைவி இராமலட்சுமியிடம் அடிக்கடி சொல்லுவான். மற்றபடி வியாபார விஷயம் எதையும் அவளிடம் அவன் சொல்வதில்லை. சொன்னால் அவளுக்கு என்ன விளங்கிவிடப் போகிறது?

ராயகிரி வீட்டை இடிக்கப் போவதாகச் சங்கிலிப்பாண்டி வாட்ஸப்பில் போட்டிருந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தகப்பனார் காலத்து வீட்டைத் தரைமட்டமாக்கிவிட்டு மாடி வீடு கட்டுகிற ஆசை. சாமான்களை எல்லாம் முற்றத்தில் பரப்பியிருந்தார்கள். சிவகிரி, திருவேங்கடம் பக்கத்திலிருந்து வந்த பழைய இரும்புக்காரர்கள் கதவின் பித்தளைக் குமிழை எடைக்குக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மகாராஜா அவர்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பிடித்த பொருளைக் காலால் தள்ளிப் பார்ப்பது அவன் வழக்கம். விலை அப்போதே பாதியாகிவிடும்.

தண்ணீர் குடிக்க உள்ளே போனபோதுதான் பெட்டி கண்ணில் பட்டது. உத்திரத்திலிருந்து கயிற்றில் தொங்கியது. ஒரு தலையணை நீளம்தான் இருக்கும். பலாமரம், மூலைக்கு மூலை பித்தளைப் பூண், மூடியில் இரண்டு கிளி. எட்டாத உயரமாக இருந்ததால் குடைக் காம்பால் தட்டினான்.

சங்கிலிப்பாண்டியின் அக்கா ஆனந்தவள்ளி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அது எங்கள் வீட்டுக் கன்னி, அதைத் தட்டக்கூடாது என்றாள். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன அவளுடைய தங்கை. வருசா வருசம் ஒரு புதுப் பாவாடை சட்டை எடுத்து, சீப்பு கண்ணாடியோடு பெட்டியில் வைத்துக் கும்பிடுவார்களாம். சில வீடுகளில் பழைய வருசத்துத் துணியை வீட்டுப் பெண்பிள்ளைக்கு உடுத்திவிடுவது உண்டு. இவர்கள் மட்டும் அதைக் கிணற்றில் விட்டுவிடுவார்கள். ஏனென்று மகாராஜா கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"அவ உடுத்த குடுத்து வைக்காத துணி, தம்பி. உசுரோட இருக்க பிள்ள அத உடுத்தக் கூடாது."

தங்கை தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்தவளாம். ஐயா, ஐயா என்று தகப்பனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். தகப்பன் பக்கத்து வயலில்தான் நின்றாராம். பம்புசெட் ஓடிய சத்தத்தில் கேட்கவில்லையாம். மகாராஜா கொட்டாவியை அடக்கிக்கொண்டான். பழைய வீடு ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு கதை இருக்கும். கதைக்கென்று ஒருவனும் கூடக் காசு தருவதில்லை.

அவன் சங்கிலிப்பாண்டியைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினான். சாமி மரத்திலா இருக்கிறது, துணியில் அல்லவா இருக்கிறது, புது வீட்டில் ஜம்மென்று எவர்சில்வர் பெட்டி வைத்துக் கும்பிடுங்கள் என்றான். மாடி வீட்டு மார்பிள் தரைக்கு மேலே கயிறு தொங்குவதைச் சங்கிலிப்பாண்டி நினைத்துப் பார்த்திருக்க வேண்டும், தலையாட்டிவிட்டார். ஒரு நல்ல நாள் பார்த்துத் துணியை முறையாக எடுத்துவிடுகிறேன், அதுவரை பொறுங்கள் என்று அக்கா கெஞ்சினாள். நல்ல நாளுக்குள் வேறு எவனாவது வந்து கொத்திக்கொண்டு போனால்? துணியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்று சொல்லி வண்டியில் ஏற்றிவிட்டான். வண்டி நகரும்வரை அவள் பெட்டியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. அழுக்கு விரல் ரேகை பதிந்துவிடுமே என்றுதான் அவனுக்குக் கவலையாக இருந்தது.

மறுநாள் ஐந்தருவியில் சாரல் பிடித்துக்கொண்டது. அருவியில் குளிக்க எண்ணெய்த் தலைகளோடு போகிற கூட்டத்தை வெறுப்போடு பார்த்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தான். பெட்டிப் படத்தைப் பார்த்த சென்னை அம்மாள் ஒருத்தி, அதில் பத்திரிகைகளைப் போட்டுவைக்கப் போவதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். அதைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது இராமலட்சுமியிடமிருந்து ஒரு படம் வந்தது.

மகள் தர்ஷினி. பாசிப்பச்சைப் பாவாடை, அரக்குச் சட்டை. சுதந்திர தினக் கொடி நடனத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பச்சைப் பாவாடை கேட்டிருந்தார்கள். நீங்களே வாங்கிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, சொல்லவே இல்லையே, அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

சே, என்று நினைத்தான். உடனே, போனால் போகிறது, துணிதானே என்றும் நினைத்தான். படத்தை மறுபடி பார்த்தான். பிள்ளைக்கு அழகாகத்தான் இருந்தது. அவள் நின்ற இடத்தில் மட்டும் தரை நனைந்திருந்தது. பாவாடை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டி இரண்டு பாதத்தையும் சுற்றிக் குளம்போலத் தேங்கியிருந்தது.

அப்போது சங்கிலிப்பாண்டி கூப்பிட்டார். அக்கா ராத்திரியெல்லாம் தூங்கவில்லை, துணியை அனுப்பியாச்சா என்று கேட்டார். நாளைக்கு அனுப்புகிறேன், என் மகள் தெரியாமல் எடுத்து உடுத்திவிட்டாள், சலவை செய்துதான் தரவேண்டும் என்றான் மகாராஜா.  அந்தப் பக்கம் போன் கைமாறியது. ஆனந்தவள்ளி அழவில்லை. 

"உங்க மக உங்கள என்னன்னு கூப்புடுவா, தம்பி?"

"டாடின்னு கூப்புடுவா. எதுக்குக் கேக்கிய?"

"வீட்டுக்குப் போங்க. கூப்புடச் சொல்லிக் கேளுங்க."

கிழட்டுப் பைத்தியம் என்று வாய்விட்டுத் திட்டினான். திட்டிக்கொண்டேதான் கடையைப் பாதி சாத்தினான். சாரல் முகத்தில் அடிக்க, வழியை மறிக்கிற கார்களையும் நடுரோட்டில் தலை துவட்டுகிறவர்களையும் ஏசிக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினான். ஏச ஏச ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். மேலகரம் தாண்டியபோது ஏசுவதற்கு யாரும் இல்லை. அப்போதுதான் தன் பற்கள் கிடுகிடுப்பது அவனுக்குத் தெரிந்தது. குளிர் என்று சொல்லிக்கொண்டான்.

தெரு முழுக்க மின்சாரம் இல்லை. வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. இராமலட்சுமியின் செருப்பைக் காணோம். வளையல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்க வேண்டும். பொழுது சாயாத நேரத்திலேயே மேகம் இறங்கிக் கூடம் இருண்டு கிடந்தது. அவன் ஊர் ஊராய்ப் பொறுக்கிவந்த சாமான்கள் சுவரோரம் கறுப்புக் கறுப்பாக நின்றன. நேற்றுவரை ஒவ்வொன்றையும் விலையாகத்தான் பார்த்திருந்தான். இப்போது ஒவ்வொன்றும் யாருடையது என்று நினைவுக்கு வந்தது. பாசி வாசனை, நனைந்த கயிற்றின் வாசனை, ரொம்ப நாள் திறக்காத கிணற்றின் வாசனை எல்லாம் மூக்கை அடைத்தன.

"தர்ஷினி."

 எங்கோ சொட்டு விழுகிற சத்தம்.

சோபாவில் உட்கார்ந்திருந்தாள். முதுகு இந்தப் பக்கம். பச்சைப் பாவாடை. தலைமுடி ஈரமாக முதுகோடு ஒட்டியிருந்தது. தர்ஷினிக்குத் தோள்வரை வெட்டிய முடி. இது இடுப்புக்குக் கீழே போனது.

"தர்ஷினி, டாடி வந்துட்டேன். ஒரு தடவ டாடின்னு சொல்லு."

அவள் திரும்பவில்லை. கொக்கியில் பெட்டி ஆடியது. காற்று இல்லை. ஆடியது.

அவன் பெட்டியிடம் போனான். குடையால் தட்டிய பெட்டி. மூடியைத் தூக்கக் கை வரவில்லை. தூக்கினான்.

உள்ளே தர்ஷினியின் பள்ளிச் சீருடை. நான்காக மடித்திருந்தது. மேலே இரண்டு சிவப்பு ரிப்பன். அவளுடைய சீப்பு. ஒரு கைக்கண்ணாடி. துணியில் கை வைத்தான். இளஞ்சூடு. அப்போதுதான் கழற்றியது போல. அடியில் பலகை தட்டுப்படவில்லை. கை போய்க்கொண்டே இருந்தது. மணிக்கட்டு வரை. முழங்கை வரை. பிறகு தண்ணீர்.

பின்னாலிருந்து ஒரு சில்லிட்ட கை அவனுடைய இன்னொரு கையைப் பிடித்தது.

"ஐயா."

ஆசையாகக் கூப்பிட்டாள். எத்தனையோ வருசம் கூப்பிட்டு, கடைசியில் ஒருவர் வந்துவிட்டது போல.

அதே நேரம் துணிக்குக் கீழே, ரொம்பக் கீழே, தண்ணீருக்கும் கீழேயிருந்து இன்னொரு குரல் வந்தது. "டாடி." அவனுக்குத் தெரிந்த குரல். "டாடி, டாடி."

வாசலில் இராமலட்சுமி வந்து நின்றாள். இருட்டில் ரெண்டு பேரும் என்ன பண்ணுதிய என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். இப்படியா பிள்ளை மழையில் நனையும் என்று துண்டை எடுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். துவட்டத் துவட்டத் தண்ணீர் வந்தது. அவளுக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. துண்டுக்குள்ளிருந்து அந்த முகம் மகாராஜாவைப் பார்த்துச் சிரித்தது.

அவன் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். விரல் நுனியில் சின்ன விரல் ஒன்று பட்டது. பட்டு வழுக்கியது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. குரலை வைத்துத்தான் தேட வேண்டும். மூச்சைப் பிடித்துக் காதைப் பெட்டியோடு ஒட்டினான்.

அப்போது மின்சாரம் வந்தது. மின்சாரம் போனபோது அணைக்க மறந்த தண்ணீர் மோட்டார் கொல்லையில் தடதடவென்று ஓடத் தொடங்கியது.