ஜான்சி கட்டிய காயில்

"வண்டிய பின்னாடி எடுங்க!"

"நீ எடு!"

உப்பளத்து வரப்பில் ஒரு வண்டி போகத்தான் இடம். இந்தப் பக்கம் ஜான்சியின் மொபெட். பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய மோட்டார். அந்தப் பக்கம் கஸ்பாரின் பைக். இரண்டு பக்கமும் பாத்திகள்... வெயில் பட்டுக் கண்ணைக் கூசும் உப்புத் தண்ணீர்.

"பின்னாடி மோட்டார் இருக்குது. ரிவர்ஸ் எடுத்தா உங்க பாத்திக்குள்ளதான் விழுவேன். பரவாயில்லையா?"

"எங்க பாத்தின்னு உனக்கு யாரு சொன்னது?"

"அந்தோணிசாமி அண்ணன் மகன்தான நீங்க? அவரு மோட்டார்தான் இது. நான்தான் காயில் கட்டுனேன். டோமினிக் அண்ணன் மோட்டார் ரிப்பேர் கடையில இருந்து வர்றேன்."

கஸ்பார் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "காயில் கட்டுனது நீயா?"

"ஏன்... மோட்டாரு மீசை வெச்ச ஆளு கட்டுனாத்தான் ஓடுமா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். ஆனால் அதற்குள் அவள் கண்களைப் பார்த்துத் தொலைத்திருந்தான்... வெயிலுக்குச் சுருங்கி, ஓரத்தில் கரி அப்பிய, கொஞ்சமும் தாழாத கண்கள். பைக்கை அவனே பின்னால் தள்ளிக்கொண்டு போனான், வரப்பு முடியும்வரை.

மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்ததும் ஜான்சியின் முகம் மாறியது. உள்ளே ஒரு வேப்பங்குச்சி சொருகியிருந்தது.

மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போய்விட்டால் ஸ்டார்ட்டர் தானாக 'ஆஃப்' பக்கம் விழுந்து மோட்டாரைக் காப்பாற்றும். அது விழாமல் இருக்க இந்தப் பக்கத்து ஆட்கள் ஒரு குச்சியைச் சொருகிவிடுவார்கள். மோட்டாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஓடும்... பிறகு எரியும்.

"இது என்ன?"

"குச்சி."

"தெரியுது. எதுக்கு?"

"எங்க ஊரு டெக்னாலஜி!"

அவள் குச்சியைப் பிடுங்கி உப்புத் தண்ணீரில் எறிந்தாள். "இன்னொரு தடவ வெச்சா மோட்டாருக்குக் கொள்ளி வெக்கறதுக்குச் சமம். புரியுதா?"

"புரியுதுங்க மேடம்..." என்று கை கட்டிக்கொண்டு நின்றான் அவன். அந்த 'மேடம்' கேலிதான். ஆனாலும் திரும்பும் வழியெல்லாம் அது அவள் காதிலேயே இருந்தது. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், ஆண்கள் பக்கம் கண் போகக் கூடாது என்று அவள் எவ்வளவோ முயன்றாள். போனது. அங்கே அவனும் சாமியாரைப் பார்க்கவில்லை.

ஜான்சிக்கு இதெல்லாம் ஆகிற காரியமா? ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, அப்ரண்டிஸாகச் சேர மரக்காணத்திலிருந்து முதலியார்சாவடி வரைக்கும் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கியவள் அவள். 'பொம்பளப் புள்ளய வெச்சு நாங்க என்னம்மா பண்றது?' என்பதுதான் எல்லாக் கடையிலும் பதில். டோமினிக் மட்டும்தான், "சரி... ஒரு வருஷம். கஸ்டமர்கிட்ட இருந்து ஒரு கம்ப்ளெய்ன்ட் வரக் கூடாது" என்று சேர்த்துக்கொண்டார். வருஷம் முடியப் போகிறது. முடிந்தால் பரீட்சை, சர்ட்டிபிகேட், பிறகு ஈ.சி.ஆர். ரோட்டில் சொந்தமாக ஒரு கடை. நடுவில் நின்றால் ஒன்றுமே இல்லை.

அந்தக் கம்ப்ளெய்ன்ட் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது.

"யாருய்யா இதுக்குக் காயில் கட்டுனது?" அந்தோணிசாமி போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையே எட்டிப் பார்த்தது. அவருக்குப் பின்னால் கஸ்பார், தலையைக் குனிந்தபடி மோட்டாரை இறக்கி வைத்தான்.

டோமினிக் மோட்டாரைத் திறந்தார். எரிந்த வார்னிஷ் நாற்றம் மூக்கைத் துளைத்தது. எல்லாக் காயிலும் அடியோடு கருகிப் போயிருந்தது. எதனால் எரிந்தது என்று சொல்லவே வழியில்லை.

"ரெண்டு பேஸ்ல ஓட்டுனீங்களா?"

"நான் ஊர்லயே இல்ல. டேய், நீ ஓட்டுனியா? குச்சி வெச்சியா?"

கஸ்பார் அப்பாவைப் பார்த்தான். போன வருஷம் ஒரு மோட்டார் எரிந்தபோதே, 'இன்னொரு தடவ குச்சி வெச்சே, இந்தப் பாத்தியில கால வெக்காத' என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர் அவர். அவர் கை இப்போதே ஓங்கியிருந்தது.

"இல்லப்பா."

ஜான்சிக்குப் புரிந்துவிட்டது. பொய்... பச்சைப் பொய்!

டோமினிக் அவள் பக்கம் திரும்பினார். "நீதான மாட்டப் போன? அங்க குச்சி கிச்சி ஏதாவது பாத்தியா?"

சொல்ல வேண்டியதுதானே? 'பார்த்தேன், பிடுங்கி எறிந்தேன்' என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தாள். அவன் கண் அவள் மேல் இருந்தது. அதில் கெஞ்சல் இல்லை. பயமும் வெட்கமும்தான் இருந்தன... அதைப் பார்த்ததும் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

"இல்லண்ணே... பாக்கல."

"அப்ப உன் காயில்லதான் தப்பு." டோமினிக் பெருமூச்சு விட்டார். "நாளையில இருந்து வர வேணாம்மா. கடை பேரு கெட்டா நானும் பொழைக்கணும் இல்ல?"

மரக்காணத்தில் காதலிப்பவர்கள் மழைக்கு ஏங்க மாட்டார்கள். இங்கே மழை என்றால் விளைந்த உப்பு அத்தனையும் கரைந்து போவது. மறுநாள் காலையில் கடலுக்கு மேலே கருகருவென்று மேகம் திரண்டதும், அந்தோணிசாமி கிடைத்த ஆட்களையெல்லாம் கூப்பிட்டு உப்பை வாரிக் குவிக்கச் சொன்னார். கூலிக்கு வந்தவர்களில் ஜான்சியின் அம்மா முத்தம்மாளும் ஒருத்தி. அவள் பின்னாலேயே மகளும் கூடையோடு வந்தாள்.

கஸ்பார் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தவன், அப்படியே நின்றுவிட்டான்.

தலையில் உப்புக் கூடை. கழுத்தெல்லாம் வழிகிற உப்புத் தண்ணீர். காயில் கட்டிய அந்த விரல்கள், கூடையின் விளிம்பைப் பிடித்திருந்தன.

"ஜான்சி... நீ எதுக்கு இங்க?"

"வேற எங்க போவணும்?" அவள் நிற்கவில்லை. கொட்டிவிட்டு மறுபடியும் பாத்தியில் இறங்கினாள்.

"இரு. பேசணும்."

"வேலை நேரத்துல பேசுனா உங்க அப்பா கூலிய புடிச்சிக்குவாரு... தள்ளுங்க."

கோபத்தோடு சொல்லியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் குரல் உடைந்திருந்தது. மேகம் இடித்தது. இன்னும் ஒரு கூடை, இன்னும் ஒரு கூடை என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். கஸ்பார் தார்ப்பாயைக் கீழே போட்டுவிட்டு நேராக அப்பாவிடம் போனான்.

"அப்பா... குச்சி வெச்சது நான்தான்."

"என்னாடா?"

"ஒரு பேஸ் போயிடிச்சி. நீங்க வர்றதுக்குள்ள பாத்தியெல்லாம் ரொப்பிடணும்னு குச்சி வெச்சி ஓட்டுனேன். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. வெக்காதன்னு அது அன்னிக்கே சொல்லிச்சி. நான்தான் கேக்கல."

கூடைகள் நின்றன. அறை விழுந்த சத்தம் வரப்பின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. கஸ்பார் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இந்த வருஷத்தோட உனக்கும் இந்தப் பாத்திக்கும் ஒண்ணும் இல்ல. குத்தகைய உங்க சித்தப்பன் பேர்ல எழுதறேன்" என்றார் அந்தோணிசாமி.

"சரிப்பா. ஆனா இப்ப நீங்க கடைக்கு வந்து டோமினிக் அண்ணன்கிட்ட சொல்லணும். நான் மட்டும் சொன்னா, பொண்ணுக்காகப் பொய் சொல்றான்னு நெனைப்பாரு."

அந்தோணிசாமி மேகத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். கடைசியில் தூரத்தில் கூடையோடு நின்ற ஜான்சியைப் பார்த்தார். "உப்ப மொதல்ல மூடு. அப்புறம் போலாம்" என்றார்.

அன்றைக்கே மூவரும் கடைக்குப் போனார்கள். டோமினிக் முழுவதையும் கேட்டுவிட்டு ஜான்சியைத்தான் திட்டினார். "நீ எதுக்கும்மா பாக்கலன்னு சொன்ன? தொழில் கத்துக்கறவ கண்ணால பாத்தத சொல்லணும். நாளைக்கு ஒருத்தனுக்கு ஷாக் அடிச்சா என்னா பண்ணுவ?" அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. "போ... போயி அதே மோட்டாருக்கு மறுபடியும் காயில் கட்டு."

"கட்டறேண்ணே. ஆனா கருகுன காயில சுரண்டறது எரிச்சவங்க வேலை" என்றாள் ஜான்சி.

கஸ்பார் தரையில் உட்கார்ந்தான். கருகிய கம்பியை ஒவ்வொரு பள்ளமாக உளியால் பெயர்த்து எடுத்தான். முகம், மூக்கு, சட்டை எல்லாம் கரி. எதிரே அவள் புதுக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த விரல்களின் வேகத்தை வாய் பிளந்து பார்த்தவனை, "இங்க என்னா பொருட்காட்சியா? கைய பாத்து சுரண்டுங்க" என்று அதட்டினாள். ஆனால் அவன் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தபோது முதலில் எழுந்து ஓடியவளும் அவள்தான். துணியைச் சுற்றி முடிச்சுப் போட்ட பிறகும் அவன் கையை அவள் உடனே விடவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மோட்டார் கொட்டகைக்குப் போனது. மேகம் பெய்யாமலே கடல் பக்கம் கலைந்திருந்தது. வரப்பில் அந்தோணிசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜான்சி பட்டனை அழுத்தினாள்.

ஒரு நொடி... இரண்டு நொடி... குழாயிலிருந்து உப்புத் தண்ணீர் திமுதிமுவென்று கொட்டியது. ஒவ்வொரு ஒயராக மீட்டரை மாட்டிப் பார்த்தாள். மூன்றிலும் ஒரே அளவு. அந்தோணிசாமி கட்டிய கையைப் பிரித்துவிட்டு, தண்ணீர் பாயும் பாத்தியைப் பார்க்கப் போய்விட்டார்.

"ஜான்சி... அன்னிக்கு ஏன் என்ன காட்டிக் கொடுக்கல?"

அவள் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியல. உங்க மூஞ்சியப் பாத்தேன், வாயே வரல. என் ஒரு வருஷ உழைப்பத் தூக்கிக் கொடுத்துட்டேன்னு வீட்ல போயி அழுதேன். உங்க மேல அவ்ளோ கோவம்..."

"இப்ப?"

"இப்பவும் கோவம்தான். ஆனா கோவம் மட்டும் இல்ல."

கஸ்பார் ஒரு அடி பக்கத்தில் வந்தான். "எனக்கு உன்ன புடிச்சிருக்குது ஜான்சி. இனிமே எனக்குப் பாத்தி இல்ல, குத்தகை இல்ல. கூலிக்குத்தான் உப்பு வாரணும். ஆனாலும் சொல்லாம இருக்க முடியல."

"வாருங்களேன். எங்கம்மா வாரல? பரீட்சை முடிஞ்சதும் கடைய நான் போட்டுக்கறேன்." அவள் முதல் முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அதே தாழாத கண்கள், இப்போது ததும்பிக்கொண்டு. "எனக்கும் உங்கள புடிச்சிருக்குது. ரொம்ப. ஆனா ஒண்ணு... இனிமே யாருக்காகவும் நான் பொய் சொல்ல மாட்டேன். இன்னொரு தடவ குச்சி வெச்சி மோட்டார எரிச்சீங்க, எரிச்சது என் புருஷன்தான்னு ஊருக்கே சொல்லிடுவேன்!"

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. முகம் சிவந்து போயிற்று.

"என்னா சொன்ன? மோட்டார் சத்தத்துல சரியா கேக்கல" என்றான் கஸ்பார், காது வரைக்கும் சிரிப்போடு.

"நல்லாவே கேட்டுச்சி உங்களுக்கு" என்றாள் ஜான்சி. சொன்னதை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.