கழட்டிப்போட்டு வா

கிட்ட வாங்கோ, பிள்ளையள். போர்வையை இழுத்துக் காலை மூடுங்கோ. இண்டைக்கு ஒரு கதை சொல்லப்போறன். முதுகு குளிரும், ஆனால் அழப்பண்ணாது. பயமாக இருந்தால் பக்கத்தில் இருக்கிற ஆளின் கையைப் பிடியுங்கோ. பிடிக்க முதல், பக்கத்தில் ஆள் இருக்குதோ என்று ஒருக்கால் பாருங்கோ.

அருமைநாயகி என்று ஒரு மனுசி. வயது அறுபத்தொன்று. ஜேர்மனியில், டோர்ட்முண்டில், ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் இருபத்தேழு வருசம் சமையல் வேலை செய்தவள். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் குசினிதான். புருசன் போய்ச் சேர்ந்து, பென்சனும் வந்த பிறகு, முதல் தடவையாகத் தனக்கென்று மூன்று நாள் லண்டன் பார்க்க வெளிக்கிட்டாள்.

லண்டனில், ஈஸ்ட் ஹாமில் இருக்கிற தங்கை தவநாயகி போனில் பொரிந்து தள்ளினாள்.

"அக்கா, எங்கட வீட்டிலை அறை சும்மா கிடக்குது. நீங்கள் ஆரின்ரையோ வீட்டிலை வாடகைக்குத் தங்கப்போறியளோ? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் கதைக்கட்டும். உன்ர வீட்டிலை நிண்டா நான் பாக்கிறது லண்டனை இல்லை, உன்ர குசினியை."

"சீச்சீ. என்ர மகள் மேனுஷாவின்ர பேர்த்டேக்கு இடியப்பம் மட்டும்தான். ஒரு அறுபது பேர்..."

"பாத்தியோ!"

"சரி, போங்கோ. தனிய இருந்து பயந்து, இரண்டாம் நாளே எங்கட கதவைத் தட்டுவியள். நீங்கள் இடியப்பம் பிழிய நான் மாவை வறுத்து வைக்கிறன்."

அந்த மா வறுக்கிற கதைதான் அவளுக்குச் சுட்டது. நாலு பின்னேரம் போனும் கையுமாக இருந்து இடம் தேடினாள். ஒரு ஹோட்டலில் யன்னல் திறக்க ஏலாது. இன்னொன்று குடிகாரர் கத்துகிற தெருவில். கடைசியில் வால்தம்ஸ்டோவில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடி அறை பிடித்தது. வீட்டுக்காரர் சண்முகராசா, எங்கட ஆள். தங்கிப்போனவர்கள் எல்லோரும் அறை சுத்தம், அமைதி என்று நல்லதாகவே எழுதியிருந்தார்கள். ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. எழுதிய அத்தனை பேரும், சொல்லிவைத்த மாதிரி, சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னமே வெளிக்கிட்டிருந்தார்கள்.

டிசம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒடுங்கின படி. மேலே கபில நிறக் கம்பளம் விரித்த நடைபாதை. நனைந்த கம்பளிக் கோட்டை மாதக்கணக்காகப் பூட்டி வைத்தது மாதிரி ஒரு மணம். எங்கட பழக்கப்படி சப்பாத்தைக் கதவுக்கு வெளியே கழற்றி, கதவைப் பார்க்க வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது.

டக். டக். டக்.

நடைபாதையில் குதி வைத்த சப்பாத்தின் சத்தம். கம்பளத்தில் நடந்தால் அப்படிக் கேட்காது, பிள்ளையள். பலகையில் நடந்தால்தான் கேட்கும். கதவடியில் வந்து நின்றது. அருமைநாயகி திறந்து பார்த்தாள்.

ஆருமில்லை.

அவளின் சப்பாத்து இரண்டும் படிப்பக்கம் திரும்பியிருந்தன. போ என்று சொல்வதுபோல.

"போகமாட்டன்," என்று அவள் அவற்றைத் திருப்பி வைத்தாள்.

அடுத்த நாள் ஆற்றங்கரையெல்லாம் சுற்றி, கால் உளைய வந்து படியேறினால், அவளின் சூட்கேஸ் படித்தலைப்பில் நிற்கிறது. சிப் பூட்டியிருந்தது. திறந்து பார்த்தாள். அலுமாரியில் கொழுவிய சேலைகூட உள்ளே, அவள் மடிப்பதைவிட வடிவாக மடித்து. தொட்டால் ஈரம்.

ஆனாலும் சூட்கேசை இழுத்துக்கொண்டு உள்ளே போய், ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் கொழுவினாள்.

அந்த நேரம் பார்த்துத் தவநாயகியின் போன்.

"என்னக்கா, அறை எப்பிடி?"

"நல்லா இருக்கு."

"ஆர் உங்கை நடக்கினம்? டக் டக்கெண்டு கேக்குது."

அருமைநாயகி கதவைப் பார்த்தாள். "பக்கத்து அறை ஆக்கள்."

"உங்கட குரல் சரியில்லை. இவரை அனுப்பட்டோ? அரை மணித்தியாலத்திலை கார் வந்திடும்."

ஓம் என்ற சொல் நுனிநாக்கில் நின்றது. ஓம் என்றால் வெளிச்சம், சனம், சூடு. ஓம் என்றால் வறுத்த மாவும் அறுபது பேரும்.

"வேண்டாம்," என்று போனை வைத்தாள்.

சத்தம் கிட்ட வந்தது.

கைபிடி மெல்லத் திரும்பியது.

பயம் தலைக்கேறினால் சிலர் கத்துவினம், சிலர் கும்பிடுவினம். அவளுக்குக் கோபம் வந்தது. காலையில்தான் தன் கையால் துடைத்த நிலம் அது.

"ஏய்! சப்பாத்தோடை உள்ளுக்கு வாறேல்லை! கழட்டிப்போட்டு வா!"

எல்லாம் நின்றது.

பிறகு, கதவுக்கு வெளியே, சப்பாத்து நூல் துளைகளுக்குள்ளால் மெதுவாக உருவுப்படுகிற சத்தம்.

தொப்.

தொப்.

அப்பதான் அவளுக்கு உறைத்தது, தான் என்ன சொன்னாள் என்று.

வா என்றல்லவோ சொல்லிவிட்டாள்!

கதவு திறந்தது. வாசலில் உயரமான கறுப்புச் சப்பாத்துச் சோடி ஒன்று, அவளுடையதுக்குப் பக்கத்தில், ஒழுங்காக. உள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. வெறுங்கால் ஈரமாக நிலத்தில் பதிகிற சத்தம் அவளைக் கடந்து போனது. மூலையில் கிடந்த கதிரை, ஆரோ குந்தினது மாதிரி, கிறீச்சிட்டது.

வீட்டுக்கு ஆள் வந்தாச்சு. அவளின் கை தன்பாட்டில் தேத்தண்ணிக் கேத்திலுக்குப் போனது. பாதி வழியில் இழுத்துக்கொண்டாள். கதிரையைப் பார்த்துச் சொன்னாள்:

"தேத்தண்ணி ஊத்தமாட்டன். விளங்குதோ? இந்த மூண்டு நாளும் நான் ஆருக்கும் ஊத்தமாட்டன். வேணுமெண்டா நீ ஊத்து."

கேத்தில் கிளிக் என்றது.

தண்ணீர் கொதித்தது. கோப்பைக்குள் ஊற்றுகிற சத்தம். பால் சாய்கிற சத்தம். கோப்பை மேசையில் வழுக்கிக்கொண்டு அவள் பக்கம் வந்து நின்றது.

அருமைநாயகி அதை வெகுநேரம் பார்த்தாள். அவள் கேட்டு ஒருவர் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றியது எப்போது? நினைவில் வரவில்லை. இரண்டு கையாலும் எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

"சீனி காணாது," என்றாள்.

விடிய சண்முகராசாவுக்குப் போன் அடித்துச் சொன்னாள். அந்த மனிசனுக்கு மூச்சு வாங்கியது.

"உள்ளுக்கு வந்ததோ? அக்கா, அது நடைபாதையோடை நிக்கும். பத்து வருசமா ஒருநாளும் உள்ளுக்கு வரேல்லை. ஆரும் அதை வா எண்டு கூப்பிடேல்லை. கீழை வேறை அறை தரட்டோ?"

"தேவையில்லை, தம்பி. இது நான் தெரிஞ்செடுத்த அறை."

மூன்றாம் இரவும் அங்கேதான் கிடந்தாள். கதிரை இரண்டு தடவை கிறீச்சிட்டது. "படு," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். அந்த அறையில் சொன்ன நாள்வரை தங்கிய முதல் ஆள் அவள்தான்.

ஞாயிறு வெளிக்கிடும்போது கறுப்புச் சப்பாத்து வாசலில் இல்லை. முடிந்தது என்று நினைத்தாள். ஈஸ்ட் ஹாமுக்கு விருந்தாளியாகப் போய், கதிரையில் இருந்து, தவநாயகி பரிமாறிய இடியப்பத்தைச் சாப்பிட்டாள். குசினிப்பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

பங்குனியில் லிஸ்பன் போக ஆசை வந்தது. டோர்ட்முண்டில், நல்ல வெயில் விழுகிற ஒரு மத்தியானம், போனில் அறை தேடி, பிடித்த ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். அறைக்கு எத்தனை பேர் என்று போன் கேட்டது. ஒன்று என்று அமத்தினாள்.

அவள் கண்ணுக்கு முன்னாலேயே அது இரண்டாக மாறியது.

திரும்ப ஒன்று என்று அமத்தினாள்.

இரண்டு.

கழுத்தடியில் ஈரக்குளிர் ஒன்று மூச்சு விட்டது. அருமைநாயகி திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கட்டில் உள்ள அறையாகப் பார்த்து எடுத்தாள்.

"யன்னல் பக்கக் கட்டில் எனக்கு," என்றாள்.

சரி, என்ர குஞ்சுகள், எழும்புங்கோ. உங்கட வீட்டில் வெளிச்சம் குறையாமல் இருக்கட்டும். அடுப்படியில் நிற்கிற கைக்கு ஓய்வு கிடைக்கட்டும். நீங்கள் விரும்பி அழைத்தவர்கள் மட்டும் உங்கட வாசல் மிதிக்கட்டும். எல்லாரும் நல்லாயிருங்கோ.